5 மில்லிமீட்டருக்குள் ஒரு பனிமலை

டிசம்பர் முதல் வாரம், கனடாவின் ஸ்கார்பரோவில் எங்கள் வீட்டுக்கு அருகில் உள்ள தபால் கவுண்டர். அங்கிருந்த பெண் என் உறையை வாங்கி, நடுவில் பிளவு வெட்டிய ஒரு பிளாஸ்டிக் பலகைக்குள் விட்டுப் பார்த்தார். உறை வழுக்கிக்கொண்டு போய் மறுபக்கம் விழுந்தது. அவருக்கு அது அன்றைய நாற்பதாவது உறையாக இருந்திருக்கும். எனக்கு ஒரு வருடத்து வேலை.

அந்தப் பிளவு 5 மி.மீ. கனடாவுக்குள் சாதாரணக் கடிதமாகப் போகவேண்டும் என்றால் உறை 245 மி.மீ. நீளம், 156 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிமனுக்குள் அடங்கவேண்டும். எடை 30 கிராமைத் தாண்டினால் கட்டணம் அடுத்த படிக்கு ஏறும். நீள அகலத்தில் யாரும் மாட்டுவதில்லை. தடிமன்தான் கழுத்தைப் பிடிக்கும், அதிலும் தாளுக்கு மேல் தாளாக அடுக்கிப் பனிமலை கட்டுகிறேன் என்று கிளம்பியவருக்கு.

2024 அக்டோபரில் அப்படித்தான் கிளம்பினேன். நான் சிவகாசிக்காரி. அப்பா முப்பது வருடம் பைண்டிங்கும் கிரீசிங்கும் (மடிக்கவேண்டிய இடத்தில் கோடு அழுத்துவது) செய்துகொடுக்கும் சின்னப் பட்டறை வைத்திருந்தார். பொங்கல் வாழ்த்து அட்டைகளைக் கட்டுக்கட்டாக மடித்து வளர்ந்த கை இது. தாள் வேலை எனக்கு யார் சொல்லித்தர வேண்டும் என்ற நினைப்பு. முதல் 24 அட்டைகளும் வீணானதற்குப் பாதிக் காரணம் அந்த நினைப்புதான்.

செய்ய நினைத்தது இது: மடித்தால் 10.8 × 14 செ.மீ. வரும் அட்டை. பின்னணியில் கருநீல வானம். அதற்கு முன்னால் வெட்டி ஒட்டிய மூன்று மலைச்சரிவுகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் எழும்பி நிற்கவேண்டும். சரிவுகளில் கையால் செதுக்கிய அச்சில் ஃபர் என்கிற ஊசியிலை மரங்கள். வானத்தில் வெள்ளையாகப் பனித்துகள்கள். கீழே தமிழில் சின்னதாக 'வாழ்த்து' என்று ஒரு சொல், அவ்வளவே. எங்கள் மாடியில் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள், யூதர்களின் ஹனுக்கா கொண்டாடுகிறவர் ஒருவர் இருக்கிறார், எதையும் கொண்டாடாத ஒரு தாத்தாவும் இருக்கிறார். குளிர் எல்லோருக்கும் பொது.

முதல் தப்பு கடையிலேயே நடந்தது. நமக்குத் தாள் என்றால் ஜி.எஸ்.எம்., அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பதுதான் கணக்கு. இங்கே பவுண்டு. '110 பவுண்டு' என்று போட்டிருந்த ஒரு தாள்கட்டை எடுத்து வந்தேன். வீட்டில் மடித்தால் அட்டை நிற்கவில்லை, வாழையிலை மாதிரி துவண்டது. கட்டின் மேலுறையைத் திருப்பிப் படித்தபோதுதான் 'இண்டெக்ஸ்' என்று தாள் வகையின் பெயர் கண்ணில் பட்டது. இந்த ஊர்க் கணக்கில் 110 பவுண்டு இண்டெக்ஸ் என்றால் 199 ஜி.எஸ்.எம்.; 110 பவுண்டு கவர் என்றால் கிட்டத்தட்ட 300. ஒரே எண், இரண்டு தாள். அன்றிலிருந்து தாள்கட்டின் மேல் சின்ன எழுத்தில் ஜி.எஸ்.எம். இருக்கிறதா என்று தேடிவிட்டுத்தான் காசு கொடுக்கிறேன். கடைசியில் அடி அட்டைக்கு 300, மலைகளுக்கு 216 என்று முடிவானது.

அடுத்தது மடிப்பு. இங்கத்துத் தாள் எட்டரைக்குப் பதினொன்று அங்குலம். ஒரு தாளில் இரண்டு அட்டை வரும். நான் நெடுக்காக வெட்டி, நாலேகாலுக்குப் பதினொன்றாக இரண்டு பட்டை எடுத்து, குறுக்கே மடித்தேன். மேலே மடிப்பு, கூடாரம் மாதிரி நிற்கும், அழகாக இருக்கும் என்ற எண்ணம். மடிப்பு முழுக்க வெடித்தது. வரிசையாக நார் பிய்ந்து, பல் தேய்த்த பிரஷ் மாதிரி. அப்பாவை வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினேன்.

"நார் ஓட்டம் பார்த்தியாம்மா?"

பார்க்கவில்லை. பட்டறையில் நான் மடித்ததெல்லாம் கிரீசிங் போட்டு வந்த தாள். நார் எந்தப் பக்கம் என்று அவர் ஏற்கெனவே பார்த்து வெட்டியிருப்பார்.

"ஒரு துண்டு கிழிச்சு ஒரு பக்கம் மட்டும் நாக்குல தொடு. சுருண்டு குழல் மாதிரி ஆகும். குழல் எந்தப் பக்கமா நீளமா கிடக்குதோ, நார் அந்தப் பக்கம். மடிப்பும் அதே பக்கம் போகணும். குறுக்க மடிச்சா வெடிக்கத்தான் செய்யும்."

நாக்கில் தொட்டேன், சுருண்டது. நார் பதினொன்று அங்குல வாக்கில். அப்படியென்றால் வெட்டவேண்டியது நெடுக்காக இல்லை, குறுக்காக. எட்டரைக்கு ஐந்தரையாக இரண்டு துண்டு எடுத்து, எட்டரையை நடுவில் மடித்தால் மடிப்பு நாரோடு ஓடும். அதே தாள், அதே அளவு அட்டை, மடிப்பு மட்டும் மேலே இல்லாமல் பக்கவாட்டில். ஒரு வெடிப்பு இல்லை.

கிரீஸ் போட எலும்புக் கத்தி என்று ஒன்றை இங்கே விற்கிறார்கள். நான் வாங்கவில்லை. மை தீர்ந்த பால்பாயின்ட் பேனா, அடியில் பழைய வாரப் பத்திரிகை, ஸ்கேலை ஒட்டி இரண்டு முறை அழுத்தி இழுத்தால் போதும். இதிலும் ஒரு பாடம் வாங்கினேன். பேனா போன பக்கம் பள்ளம் விழும், மறுபக்கம் மேடு எழும்பும். மேடு மடிப்புக்கு உள்ளே போகவேண்டும். பள்ளத்துக்குள்தானே மடியும் என்று தோன்றும். தோன்றுவது தப்பு.

இனி அச்சு. பள்ளிக்கூட ரப்பரில் தொடங்கி, பிறகு லினோ என்கிற அச்சு செதுக்கும் வேலைக்கு விற்கும் மெத்தென்ற இளஞ்சிவப்பு ரப்பர் பலகைக்கு மாறினேன். வி வடிவ அலகும் யூ வடிவ அலகும் மாற்றிக்கொள்ளும் செதுக்குளி ஒன்று. கோட்டுக்கு வி, வெற்றிடத்தைத் தோண்டி எடுக்க யூ. உளியை நகர்த்துவதைவிட ரப்பரைத் திருப்பிக்கொடுப்பதுதான் சுலபம், முறுக்குப் பிழியும்போது தட்டைத் திருப்புகிற மாதிரி. இடது கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்கவேண்டும். என் ஆள்காட்டி விரலில் அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது.

ஃபர் மரம் எளிது. சின்னது 2 செ.மீ., பெரியது 4.5 செ.மீ., இரண்டு அச்சுதான். மையிட்டு ஒரு தரம் பதித்தபின், மறுபடி மையிடாமல் இரண்டாம் தரம் பதித்தால் வெளிறி விழும். வெளிறியவை தூரத்து மலைக்கு, கறுத்தவை பக்கத்து மலைக்கு. இந்த ஒரு தந்திரத்தில் காட்டுக்கு ஆழம் வந்துவிட்டது. இது நானாகக் கண்டுபிடித்தது இல்லை, மையிட மறந்துபோனதில் கிடைத்தது.

'வாழ்த்து' அச்சைப் பற்றிச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. ஒன்றரை மணி நேரம் குனிந்து, ழ வின் வளைவையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செதுக்கி, மையிட்டுப் பதித்தால் கண்ணாடியில் தெரிகிற மாதிரி தலைமாறி விழுந்தது. அச்சாபீஸ் தெருவில் வளர்ந்தவள், அச்சு எழுத்து வலம் இடமாக இருக்கும் என்பதை மறந்துவிட்டேன். இரண்டாம் முறை ட்ரேசிங் பேப்பரில் 6பி பென்சிலால் நேராக எழுதி, எழுதிய முகத்தை ரப்பரின்மேல் கவிழ்த்து நகத்தால் தேய்த்தேன். பென்சில் தடம் தானாகத் திரும்பி ரப்பரில் இறங்கியது. இனி யோசிக்கவே வேண்டாம், கோட்டின் மேலேயே போகவேண்டியதுதான்.

பனித்துகளில் செய்த தப்பை நான் கண்டுபிடிக்கவில்லை. அட்டைகள் எல்லாம் முடிந்து, 2025 ஜனவரியில் ஒருநாள் பக்கத்து வீட்டுச் சின்னப்பெண் மேசையில் கிடந்த அச்சைக் கையில் எடுத்தாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், இவள் பிறந்தது இங்கே.

"அன்ரி, ஸ்னோவுக்கு ஆறு கைதானே? ஏன் நீங்கள் எட்டு வச்சிருக்கிறீங்கள்?"

கோலக் கை. நாலுக்கு நாலு, எட்டு இதழ் என்றே போய்ப் பழகியது. அன்று குளிர் மைனஸ் 15. அவள் என்னை பால்கனிக்கு இழுத்துப்போய், தன் கறுப்புக் கையுறையை நீட்டிப் பிடித்தாள். விழுந்த துகள்களில் பாதி உடைந்த பஞ்சு மாதிரி. பத்தில் ஒன்றாவது முழுதாக, மூக்குத்திக் கல்லைவிடச் சின்னதாக, ஆறு கைகளோடு உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு கையிலும் சின்னச்சின்ன கிளை. மூச்சுப் பட்டதும் போய்விட்டது. வெர்மான்ட் மாநிலத்துப் பண்ணைக்காரர் வில்சன் பென்ட்லி 1885இலேயே இவற்றை நுண்ணோக்கி வழியாகப் படமெடுக்கத் தொடங்கி, 5000க்கும் மேல் எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அந்தப் படங்களைப் புரட்டினால் ஆறு ஆறாகத்தான் கண்ணில் படுகிறது. புது அச்சுக்குத் தாளை நடுவில் ஒருமுறை மடித்து, பிறகு அதை மூன்றாக மடித்து, 60 பாகை ஆப்பாக்கி வரைந்துகொண்டேன். விட்டம் 18 மி.மீ. அதைவிடச் சின்னதாக என் உளிக்கு வராது.

மைக்கு வருவோம். கடையில் மலிவாகக் கிடைத்தது சாய மை. வெள்ளைத் தாளில் மரம் அடிக்க அது போதும்; உடனே காய்ந்துவிடும். கருநீல வானத்தில் வெள்ளைப் பனி என்றால் அது உதவாது. வெள்ளை நிறமி மை வாங்கிப் பதித்தேன். பதித்தபோது வெள்ளை, காய்ந்தபின் சாம்பல். மேலே இன்னொரு தரம் அடிக்கப்போனால் அதே இடத்தில் விழாமல் இரட்டை நிழல். ஆக, சூட்டில் உருகி மேடாக நிற்கும் எம்பாசிங் பவுடர். ஒட்டுமை தோய்த்து அச்சைப் பதித்து, ஈரம் இருக்கும்போதே வெள்ளைப் பவுடரைக் கொட்டி, மிச்சத்தைத் தட்டி எடுத்துவிட்டுச் சூடு காட்டவேண்டும். ஹேர் டிரையர் போதும் என்று நினைத்தேன். அது பவுடரை ஊதித் தள்ளியதே தவிர உருக்கவில்லை. இதற்கென்று இருக்கும் சூட்டுக் கருவி 25 டாலர். அதை வாங்கினேன்.

அதன்பிறகும் வரவில்லை. பவுடர் அச்சு விழுந்த இடத்தில் மட்டும் இல்லாமல் வானம் முழுக்க ஒட்டிக்கொண்டது. தட்டினாலும் போகவில்லை. ஹீட்டர் ஓடுகிற வீட்டில் காற்று அப்படி வறண்டு கிடக்கும். எங்கள் ஈரப்பத மானி 24 சதவீதம் காட்டியது. கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே சுரீரென்கிற காலம். தாளும் அப்படியே மின்னேறி உட்கார்ந்திருந்தது. வழி சுலபம்: பழைய சாக்ஸில் இரண்டு ஸ்பூன் முகப்பவுடரைப் போட்டு முடிச்சிட்டு, அச்சுப் பதிக்கும் முன் தாளின்மேல் ஒருமுறை தடவினால் போதும். மீறி ஒட்டும் ஒன்றிரண்டு பொடியை உலர்ந்த தூரிகையால் தள்ளிவிடலாம்.

கருவியை முதலில் சும்மா பத்து விநாடி ஓடவிட்டு, சூடேறியபின் தாளுக்குக் காட்டவேண்டும். மேலிருந்து காட்டினால் பொடி பறக்கும். அடியிலிருந்து காட்டினேன். கோலமாவு மாதிரிக் கிடந்தது ஒரு ஓரத்தில் ஈரமானது போலத் தெரிந்து, அந்த ஈரம் கை கையாக ஓடி, கண் முன்னாலேயே பளபளவென்று எழும்பி நின்றது. இந்த வேலை முழுவதிலும் எனக்கு அலுக்காதது அந்த மூன்று விநாடிதான். அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் இரண்டு வானம் பழுப்பேறியது.

வானத்தில் பொடிப்பனிக்குப் பழைய பல் பிரஷ். கவாஷ் என்கிற அடர்த்தியான வெள்ளை நீர்வண்ணத்தில் தண்ணீர் குறைவாக விட்டு, கட்டை விரலால் முடிகளைத் தெறிக்கவிட்டேன். தண்ணீர் கூடினால் பெரிய சாம்பல் சொட்டு விழும். முதல் உதறலைச் செய்தித்தாளில் விட்டுவிட்டு இரண்டாவதைத்தான் அட்டையில்.

மலைகளின் நிறத்துக்கு மட்டும் இரண்டு வாரம் பிடித்தது. முதல் தடவை மூன்றையும் சுத்த வெள்ளையில் வெட்டினேன். ஒட்டிப் பார்த்தால் ஒரே வெள்ளைக் கும்பல், எது முன், எது பின் என்று தெரியவில்லை. ஒருநாள் மாலை நாலரைக்கு ஜன்னலோரம் நின்றபோது பார்த்தேன். டிசம்பரில் இங்கே நாலே முக்கால் வாக்கில் பொழுது சாய்ந்துவிடும். பார்க்கிங்கில் குவித்த பனியின் நிழல் பக்கம் வெள்ளையே இல்லை. நீலம், ஓரத்தில் கொஞ்சம் ஊதா. பனி என்றால் வெள்ளை என்று நான் படித்து வைத்திருந்ததைத்தான் வெட்டியிருந்தேன். தூரத்து மலையைச் சாம்பல் நீலமாக்கினேன், நடு மலையை வெளிர் நீலமாக்கினேன், முன் மலை மட்டும் வெள்ளை. தூரத்து மலைமேல் ட்ரேசிங் பேப்பரில் ஒரு பட்டை, மூடுபனிக்கு. அதைப் பசை போட்டு ஒட்டக்கூடாது, சுருங்கும். இரண்டு ஓரத்தையும் அட்டைக்குப் பின்னால் மடித்து டேப் போட்டுவிடவேண்டும். மலை வெட்ட சீரியல் டப்பா அட்டையில் மூன்று வார்ப்புரு. கத்தரி வேண்டாம், புது பிளேடு போட்ட கட்டர். ஆறு மலைக்கு ஒரு பிளேடு முனை உடைத்தேன்.

முதல் தொகுதியில் மலைகளை எழுப்ப 2 மி.மீ. ஃபோம் டேப்பை இரண்டு அடுக்காகப் போட்டிருந்தேன். நிழல் பிரமாதமாக விழுந்தது. நவம்பர் தொடக்கத்தில் ஒன்றை உறையிலிட்டுக் கவுண்டருக்குக் கொண்டுபோனேன். பிளவில் பாதியில் நின்றுவிட்டது. அதற்கு மேற்பட்ட வகைக் கட்டணம் சாதாரணக் கடிதத்தைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பி வந்தேன். நவம்பர் 15 அன்று தபால் ஊழியர் வேலைநிறுத்தம் தொடங்கியது. டிசம்பர் 17 அன்று வேலைக்குத் திரும்பும்வரை 24 அட்டைகளும் ஹீட்டருக்கு மேலிருந்த இழுப்பறையில் கிடந்தன.

எடுத்துப் பார்த்தபோது பாதி அட்டைகளில் மலை முனை நிமிர்ந்து நின்றது. மீதி, அடி அட்டையோடு சேர்ந்து அப்பளமாக வளைந்திருந்தது. அப்பாவிடம் காட்டினால் அதே கேள்வி. ஆமாம், மலைகளுக்கு நார் பார்க்கவில்லை. துண்டுத் தாளில் எந்தப் பக்கம் இடம் இருந்ததோ அந்தப் பக்கம் வெட்டியிருந்தேன். வறண்ட காற்றில் தாள் நாருக்குக் குறுக்கே சுருங்கும். வானம் ஒரு பக்கம் இழுக்க, மலை இன்னொரு பக்கம் இழுத்திருக்கிறது. போதாததற்கு வெள்ளைப் பசையைத் தாராளமாகப் போட்டிருந்தேன். அதன் தண்ணீர் வேறு. "பசை தடவுறது இல்லம்மா, இழுத்து எடுக்கிறது" என்றார். பட்டறையில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையை அவர் விரலால் வழித்து வழித்து மெலிதாக்குவது ஞாபகம் வந்தது.

2025 தொகுதிக்கு 15 டாலரில் தடிமன் அளக்கும் டிஜிட்டல் காலிப்பர் வாங்கினேன். இதை முதல் நாளே வாங்கியிருக்கவேண்டும். பழைய அட்டையை அளந்தேன்: அடி அட்டை இரண்டு பக்கமும் சேர்த்து 0.8, வானம் 0.3, மலைகள் 0.9, ஃபோம் 4, உறை 0.25. மொத்தம் 6.25 மி.மீ. பிளவு எப்படி விடும்? புதுக் கணக்கு: தூரத்து மலையை வானத்தோடு தட்டையாகவே ஒட்டிவிடுவது. நடு மலைக்கு மட்டும் 1 மி.மீ. ஃபோம். முன் மலைக்கு ஃபோமே இல்லாமல், மிச்சமான 216 தாளில் அரை செ.மீ. பட்டைகளை இரண்டு அடுக்காக வைத்து 0.6. மொத்தம் 3.85. முன் மலையின் நிழல் மெலிந்தது உண்மை. ஜன்னல் மேடையில் பக்கவெளிச்சத்தில் வைத்தால் போதுமான அளவு தெரிகிறது.

வேலை வரிசையும் மாறியது. சூடு காட்டினால் தாளில் இருக்கும் ஈரம் போய் வளையும். அதனால் எம்பாசிங் எல்லாம் முதலில், பிறகு ஓர் இரவு கனத்த அகராதிக்கு அடியில், அதன்பிறகுதான் ஒட்டு வேலை. அடி, வானம், மலை அத்தனைக்கும் நார் நெட்டுக்குத்தாக. பின்புறம் பென்சிலில் சின்ன அம்புக்குறி போட்டுக்கொண்டேன். பசைக்குப் பதில் பெரும்பாலும் இரட்டைப் பக்க டேப்.

செலவு: அடி அட்டைத் தாள் 16 டாலர், நிறத்தாள்கள் 8, ரப்பர் பலகை 14, உளி 17, மைப்பட்டை இரண்டு 18, பவுடர் 8, சூட்டுக் கருவி 25, ஃபோம் டேப் 4, ட்ரேசிங் பேப்பர் 5, உறை 9, காலிப்பர் 15. ஆக 139. உளி, சூட்டுக் கருவி, காலிப்பர் இவை கூடவே இருக்கும் என்று கழித்தால் ஓர் அட்டைக்கு மூன்றரை டாலருக்குப் பக்கம். கடையில் ஆறு ஏழு டாலருக்கு அச்சடித்த அட்டை கிடைக்கிறது, ஆனால் என் பதினான்கு மணி நேரத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. முதல் தொகுதியை எழுதினால் வீட்டில் சண்டை வரும். தபால்தலை: உள்ளூருக்கு 20, பத்துத் தலைப் புத்தகமாக வாங்கியதால் அப்போது தலைக்கு 1.24, இந்தியாவுக்கு நாலு, தலைக்கு 3.65. வரி தனி.

அடுத்த வருடம் 'வாழ்த்து' அச்சைக் கொஞ்சம் பெரிதாகச் செதுக்கவேண்டும்; 'ழ்'இன் புள்ளி பாதி அட்டைகளில் மையில் அடைத்துக்கொண்டது. மூடுபனிப் பட்டையை 12 மி.மீ.இலிருந்து 8 ஆக்கவேண்டும். உறைகளை முதலிலேயே வாங்கி, அதற்குப் பிறகு அட்டையை வெட்டவேண்டும். ஆறு உறைகள் இறுகலாக இருந்து, அட்டையின் மூலையை மணற்தாளில் தேய்க்கவேண்டியதாயிற்று.

சிவகாசிக்குப் போன அட்டை பதினாறு நாளில் சேர்ந்தது. அப்பா வீடியோவில் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படத்தைப் பார்க்காமல் அட்டையை முதலில் திறந்து மூடினார். கட்டை விரலால் மடிப்பை மேலிருந்து கீழ்வரை தடவினார். விளக்குப் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

"கிரீஸ் நல்லா விழுந்திருக்கு. ரெண்டாவது மலை அரை மில்லி சாஞ்சிருக்கே, பார்த்தியா?"

பார்த்திருந்தேன். 24இல் சாய்ந்தது அது ஒன்றுதான். வீட்டாள்தானே என்று அதை அவருக்குப் போட்டிருந்தேன்.